சூடானால் மட்டும் ஸ்டார்ட் ஆகாத பெட்ரோல் வண்டி. செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது

நாலுசக்கரம்:

வணக்கம். 4 சிலிண்டர் பெட்ரோல் வண்டி, எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர்), 9 வயது ஆகிறது. காலையில் சாவியைத் திருப்பியதுமே எடுத்துவிடும். ஒரு மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து வந்து சாவியைப் போட்டால் செல்ஃப் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும், என்ஜின் பிடிக்காது. பானெட்டைத் திறந்துவைத்து முக்கால் மணி நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காதது போல எடுத்துக்கொள்ளும்.

செல்ஃபின் வேகம் குறையவில்லை. பேட்டரி புதிது. செக் என்ஜின் விளக்கு சாவி போட்டதும் எரிகிறது, ஓடும்போது அணைந்துதான் இருக்கிறது. ஸ்கேனரில் கோளாறைக் காட்டும் கோடு (code) எதுவும் இல்லை. பிளக், ஏர் ஃபில்டர் இரண்டும் மாற்றியாயிற்று, பலன் இல்லை. மெக்கானிக் இப்போது, "டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்ப் மாற்றிப் பார்க்கலாம், அதிலும் சரியாகவில்லை என்றால் சென்சார் மாற்றிப் பார்க்கலாம்" என்கிறார். இந்த மாற்றிப் பார்க்கும் வேலைக்கு எல்லை எது என்று தெரியவில்லை.

இன்னொரு விஷயம், இதோடு தொடர்பு உண்டா தெரியாது: கொஞ்ச நாளாக ஏற்றத்தில் நன்றாக மிதித்தால் பிக்கப் வருவதில்லை. சமதளத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

மல்டிமீட்டர் இருக்கிறது, ஓரளவு பயன்படுத்தத் தெரியும். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

டார்க்_ரெஞ்ச்:

என்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். சூட்டில் நின்று, ஆறினால் ஓடும் வண்டி என்றாலே பத்தில் ஒன்பது தடவை அதுதான். கோடு விழவில்லையே என்று பார்க்காதீர்கள், பல நேரம் விழாது.

வயரிங்காரர்:

ரெஞ்ச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சென்சாரில் பல வண்டிகளில் உள்ளே இருப்பது மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். சூட்டில் விரிந்து எங்கோ ஓர் இடத்தில் விட்டுப்போகும், ஆறியதும் மறுபடி சேர்ந்துகொள்ளும். ஆனால் அந்தப் பிக்கப் குறைவு என்னை உறுத்துகிறது. கிராங்க் சென்சார் போனால் வண்டி வெட்டும், அல்லது ஓடும்போதே பொசுக்கென்று அணையும். ஏற்றத்தில் மட்டும் மூச்சு வாங்காது.

தம்பி, இந்த மாதிரிக் கோளாறைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். ஆறிய வண்டியை ஒர்க்ஷாப்பில் நிறுத்தி எந்த மீட்டரை வைத்தாலும் "எல்லாம் சரி" என்றுதான் காட்டும். மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை, அவரிடம் போய்ச் சேரும்போது வண்டி நல்ல பிள்ளை ஆகிவிடுகிறது. எனவே அடுத்த தடவை மக்கர் செய்யும்போது பானெட்டைத் திறந்து காற்று வாங்க விடாதீர்கள். அந்த முக்கால் மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் வேலை நேரம். ஸ்பேனர், மீட்டர் எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும்.

சாவியை ஆன் நிலையில் வைத்ததும் செக் என்ஜின் விளக்கு எரிகிறது என்கிறீர்கள். அப்படியானால் ஈசியூவுக்கு, அதாவது என்ஜின் கம்ப்யூட்டருக்கு, கரண்ட் போகிறது. அதற்குக் கரண்ட் தரும் மெயின் ரிலேயை இப்போதைக்கு விட்டுவிடலாம். கூடவே இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கையும் பாருங்கள். சாவியை அடையாளம் தெரியவில்லை என்றால் அது மின்னிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் நிறைய வண்டிகளில் செல்ஃப் சுற்றும், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறக்காது.

அப்புறம் செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள். ஸ்கேனர் கிடைத்தால் அதன் லைவ் டேட்டா இன்னும் நல்லது. 200, 250 என்று ஏதாவது காட்டினால் கிராங்க் சென்சார் பேசுகிறது. செல்ஃப் சுற்றச் சுற்ற அங்கே பூஜ்யமே நின்றால் ரெஞ்ச் சொன்னது சரி, சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். முள்ளை மட்டும் நம்ப வேண்டாம், சில வண்டிகளில் செல்ஃப் வேகத்துக்கு அது அசையாது.

இனி பம்ப் சத்தம். பல வண்டிகளில் பம்ப் பின்சீட்டுக்கு அடியில், டேங்குக்குள் இருக்கும். ரேடியோ, ஏசி ஃபேன் எல்லாம் அணைத்துவிட்டு, பின்சீட் பக்கம் காதை வைத்துக்கொண்டு இன்னொருவரைச் சாவி போடச் சொல்லுங்கள். செல்ஃப் வேண்டாம், ஆன் வரைக்கும் போதும். பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் 2 அல்லது 3 விநாடி பம்ப் ஓடி நிற்கும். காலையில் வண்டி ஆறியிருக்கும்போது அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் கேட்பதை அதோடு ஒப்பிட வேண்டும். சத்தம் வருகிறதா என்பதோடு எந்தச் சுருதியில் வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

சுற்றிப் பார்த்தும் எடுக்கவில்லையா, உடனே ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். சூடான என்ஜின், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நுனி பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் பக்கம் பாருங்கள். காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்த பிளக்கைப் பார்த்தால் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடித்துப் பாருங்கள். பெரும்பாலான ஈசியூக்கள் அப்போது இன்ஜெக்டரை அடைத்துவிடும், நிரம்பிய பெட்ரோல் வெளியேறும்.

ஸ்பார்க் பார்க்கப் போகிறேன் என்று இக்னிஷன் காயிலைக் கையில் பிடிக்காதீர்கள். இன்ஜெக்டர் வயர்களின் கப்ளர்களைக் கழற்றி, ஸ்பார்க் டெஸ்டரை நல்ல எர்த்தில் மாட்டி, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள். திறந்த ஓட்டை வழியே பெட்ரோல் ஆவி வரும்.

செல்ஃபை ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம், நடுவில் ஆற விடுங்கள். செல்ஃப் மோட்டார் வெந்துபோகும் என்பது ஒன்று. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய்ச் சேர்ந்து அதைக் கெடுக்கும் என்பது இன்னொன்று.

டைமிங் பெல்ட், கம்ப்ரஷன் என்று யாராவது சொன்னால் உங்கள் விஷயத்தில் காதில் வாங்க வேண்டாம், அறுந்த பெல்ட் ஆறினால் ஒட்டாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பெல்ட் போன என்ஜினில் செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, விட்டுவிட்டு வரும் அந்த "உர் உர்" இல்லாமல் ஒரே சீராகச் சுற்றும். அப்படிக் கேட்டால் மேற்கொண்டு சுற்றாதீர்கள், பல என்ஜின்களில் வால்வு வளையும்.

நாலுசக்கரம்:

அண்ணா, சொன்னபடி செய்தேன். நிறுத்திக் கொஞ்ச நேரத்திலேயே மக்கர் செய்தது. தம்பியைச் சாவி போடச் சொல்லி நான் பின்சீட்டில் படுத்துக் கேட்டேன்.

இம்மொபிலைசர் விளக்கு ஒழுங்காக அணைந்தது. ஸ்கேனரில் செல்ஃப் சுற்றும்போது 230 பக்கம் வந்துகொண்டே இருந்தது, ஒரு தடவைகூட அறுபடவில்லை. அந்த நேரத்தில் பேட்டரியில் 10.3 வோல்ட். பிளக் எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது.

பம்ப் சத்தம்தான் விசேஷம். காலையில் "ஈஈ" என்று மெல்லியதாக, கூர்மையாக இருந்தது. சூட்டில் அதே இடத்தில் அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி வந்தது. சத்தமே இல்லை என்று சொல்ல முடியாது.

தெரிந்தவரிடம் பிரஷர் கேஜ் வாங்கி மாட்டினேன். வண்டியின் சர்வீஸ் புத்தகம் 3.5 பார் என்கிறது. எடுக்காத நேரத்தில் 1.2 தான் வந்தது, அதற்கு மேல் ஏறவே இல்லை.

டார்க்_ரெஞ்ச்:

அப்படியென்றால் சென்சாரை விடுங்கள், பம்ப் அவுட். மோட்டார் சூட்டில் இறுகுகிறது. புது பம்ப் மாட்டிவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள்.

வயரிங்காரர்:

கொஞ்சம் பொறுங்கள். பிரஷர் இல்லை என்பது நீங்கள் அளந்தது. பம்ப் கெட்டது என்பது இன்னும் யாரும் அளக்காதது. முனகுகிற பம்புக்கு இரண்டு காரணம் இருக்கலாம்: மோட்டார் தேய்ந்திருக்கலாம், அல்லது அதற்குப் போதிய வோல்டேஜ் போகாமல் இருக்கலாம். புது பம்ப் மாட்டினாலும் இரண்டாவது காரணம் அப்படியே இருக்கும். அதிலும் ஒரு கண்ணாமூச்சி உண்டு: புது பம்ப் குறைந்த வோல்டேஜிலும் கொஞ்ச காலம் சமாளித்துக்கொள்ளும். பிறகு அதே கதை, "போலி பம்ப் போட்டுவிட்டார்கள்" என்ற பேச்சோடு.

வோல்டேஜ் பார்ப்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். பம்ப் கப்ளரைக் கழற்றி, அதில் மீட்டரை வைத்து, 12.4 வருகிறது, வயரிங் சரி என்று முடித்துவிடுவார்கள். மீட்டர் எடுத்துக்கொள்ளும் கரண்ட் ஒன்றுமே இல்லை. வயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டருக்கு முழு வோல்டேஜ் தெரியும். ஓம் வைத்துப் பார்ப்பதும் அதே வகைதான். பம்ப் 5 ஆம்பியர் இழுக்கும்போது வழியில் 1 ஓம் இருந்தால் அங்கேயே 5 வோல்ட் காணாமல் போகும். அந்த 1 ஓமை உங்கள் மீட்டரில் பார்த்தால் புரோப் வயரின் தடையோடு சேர்ந்து ஏதோ சின்ன எண்ணாகத் தெரியும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

எனவே கப்ளர் மாட்டியபடியே, பம்ப் ஓடும்போதே அளக்க வேண்டும். கப்ளரின் பின்புறம் வயர் நுழையும் இடத்தில் மெல்லிய ஊசி புரோபைச் செருகினால் போதும், வயரின் தோலைக் குத்தாதீர்கள்.

பம்ப் தொடர்ந்து ஓட, பம்ப் ரிலேயைக் கழற்றி அந்தச் சாக்கெட்டில் 30, 87 இரண்டையும் ஒரு வயரால் இணையுங்கள். அந்த வயரில் 15 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம் இருக்கட்டும். எண்கள் ரிலேயின் அடியிலேயே அச்சாகியிருக்கும். 85, 86 பக்கம் போக வேண்டாம், அது ரிலேயின் காயில். இணைப்பதையும் பிரிப்பதையும் பானெட் பக்கம் ரிலே பெட்டியிலேயே செய்யுங்கள், டேங்க் பக்கம் பொறி வரக் கூடாது. பின்சீட்டைத் தூக்கியதும் கதவுகளைத் திறந்து வைத்துவிடுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் வேலையை அதோடு நிறுத்துங்கள்.

இப்போது சூட்டில், மக்கர் செய்யும் நேரத்தில், நான்கு அளவு வேண்டும். பேட்டரி இரு முனைக்கு இடையில் எவ்வளவு. பம்பின் இரு வயருக்கு இடையில் எவ்வளவு. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பம்ப் பிளஸ் வரை எவ்வளவு. பம்ப் எர்த் வயரிலிருந்து பேட்டரி மைனஸ் வரை எவ்வளவு. கடைசி இரண்டுக்கும் பேட்டரியிலிருந்து பின்சீட் வரை எட்டுமாறு ஒரு நீள வயரை மீட்டரோடு இணைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் பக்கம் அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். எர்த் பக்கம் 0.2 தாண்டினால் எனக்குப் பிடிக்காது. கடைசி மூன்றையும் கூட்டினால் முதல் எண் வர வேண்டும். வரவில்லை என்றால் அளந்ததில் எங்கோ தவறு.

டீசல்புகை:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது காமன்ரெயில் டீசல், அதே தொல்லை. இதே முறைதானா?

வயரிங்காரர்:

இல்லை, அது வேறு. டீசலில் ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் சுற்றும்போது ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் குழாயின் பிரஷர், பாருங்கள். பொதுவாக 200 பாரை ஒட்டி வராவிட்டால் ஈசியூ இன்ஜெக்டரைத் திறக்காது. சூட்டில் மட்டும் அது ஏறாவிட்டால் இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் லீக்கை ஒவ்வொன்றாக அளக்கச் சொல்லுங்கள். சூடான டீசல் நீர்த்துப்போய் தேய்ந்த இன்ஜெக்டர் வழியே எளிதாக ஒழுகும். ஈத்தர் ஸ்ப்ரே மட்டும் அடித்துவிடாதீர்கள், குளோ பிளக் உள்ள என்ஜினில் அது வெடிக்கும். மிச்சத்தைத் தனித் திரியில் கேளுங்கள், இங்கே கலந்தால் இவர் வண்டியும் உங்கள் வண்டியும் குழம்பிவிடும்.

நாலுசக்கரம்:

அண்ணா, சூட்டில் எடுத்த அளவுகள்:

பேட்டரி 12.4
பம்பில் 6.9
பிளஸ் பக்கம் 0.3
எர்த் பக்கம் 5.2

கூட்டினால் 12.4 சரியாக வருகிறது. ஆறிய பிறகு எர்த் பக்கத்தை மட்டும் மறுபடி பார்த்தேன், 1.6 ஆகக் குறைந்திருந்தது. அப்போது சத்தமும் தேறியது.

எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். கறுப்பு வயர், பின்சீட்டுக்கு அடியில் கம்பளத்தை விலக்கினால் பாடியில் ஒரு 10 மி.மீ. போல்ட்டில் முடிகிறது. போல்ட்டைத் தொட்டேன், விரலை வைத்திருக்க முடியாத சூடு. வட்ட டெர்மினலுக்கு அடியில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறது. பக்கத்துக் கம்பளத்தில் பழைய நீர்க்கறை. இது போதுமா, ஆளைப் பிடித்துவிட்டோமா?

வயரிங்காரர்:

பிடித்துவிட்டீர்கள். சுடுகிற போல்ட்டைவிட நல்ல சாட்சி கிடையாது. 5.2 வோல்ட் அங்கே விழுகிறது, பம்ப் சுமார் 4 ஆம்பியர் இழுத்தால் கணக்கு 20 வாட்டுக்கு வருகிறது. ஓர் இண்டிகேட்டர் பல்பை அந்த டெர்மினலுக்குள் ஏற்றிவைத்த மாதிரி. களிம்பு சூடாகச் சூடாகத் தடை கூடும், தடை கூடக் கூட இன்னும் சுடும். முக்கால் மணி நேரம் நீங்கள் காத்திருந்தது என்ஜின் ஆறுவதற்கு என்று நினைத்தீர்கள். பின்சீட்டுக்கு அடியில் போல்ட்டும் ஆறிக்கொண்டிருந்தது.

ஓடும்போது ஏன் அணையவில்லை என்று கேட்பீர்கள். என்ஜின் ஓடினால் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் தருகிறது. எர்த்தில் ஒரு பங்கு போனாலும் மிச்சத்தில் பம்ப் தள்ளாடியபடியே சமதளத்துக்குப் போதுமான பெட்ரோலைத் தந்துவிடும். ஏற்றத்தில் மிதித்தால் தேவை கூடுகிறது, தர முடியவில்லை, பிக்கப் விழுகிறது. நிறுத்திவிட்டு மறுபடி செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியிலேயே 10.3 தான், அதில் எர்த் விழுங்கியது போக பம்புக்கு 6 கூட வராது. அதுவும் எந்த நேரத்தில்? சூடான ரெயிலில் பெட்ரோல் ஆவிக் குமிழியாகும் நேரத்தில். அதை நசுக்கித் திரவமாகவே வைத்திருக்க முழுப் பிரஷர் வேண்டும். 1.2 பார் அங்கே எடுபடாது.

கோடு ஏன் விழவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. உங்கள் வண்டியில் ஈசியூ ரிலேயை இயக்குவதோடு சரி, ரிலேக்கு அப்பால் பம்புக்கு என்ன போகிறது என்று அதற்குத் தெரியாது. ஓடும்போது ஃபியூவல் ட்ரிம்மை (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஸ்கேனரில் பார்த்திருந்தால் ஏற்றத்தில் பிளஸ் பக்கம் ஏறியது தெரிந்திருக்கும்.

சரி, வேலை. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். போல்ட்டை எடுத்து, பாடியில் டெர்மினல் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளி மாதிரிப் பளிச்சிடும்வரை தேயுங்கள், பெயின்ட் கொஞ்சமும் இருக்கக் கூடாது. டெர்மினலைத் தேய்த்து மறுபடி மாட்டாதீர்கள். வெட்டிவிட்டு வயரின் தோலைச் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் சிவப்பு தெரியும்வரை பின்னால் போய் வெட்டுங்கள். புது வட்ட டெர்மினலை நல்ல கிரிம்பிங் கருவியால் நசுக்குங்கள், கொறடால் நசுக்கினால் ஒரு வருடத்தில் மறுபடி இங்கேயே எழுதுவீர்கள். இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள்.

கம்பளத்தில் நீர்க்கறை என்றீர்களே, அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் சீட்டை மாட்டாதீர்கள். கதவு ரப்பர், கதவின் அடியில் அடைத்துப்போன வடிகால் ஓட்டை, பின்விளக்கு கேஸ்கெட் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

டார்க்_ரெஞ்ச்:

எர்த்தில் 5 வோல்ட்டா! கணக்குப் போட்டுக் காட்டியதால் நம்புகிறேன். வேலை முடிந்து சூட்டில் பிரஷர் எவ்வளவு என்று மட்டும் போடுங்கள், பம்ப் தேறுமா என்று பார்ப்போம்.

நாலுசக்கரம்:

முடித்துவிட்டேன். வயரில் ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்பு ஓடியிருந்தது, அதைத் தாண்டி வெட்டினேன். சூட்டில் ஓட்டிவந்து அளந்தேன்: எர்த் பக்கம் 0.08. பிரஷர் 3.5ஐத் தொட்டு நிற்கிறது. நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினேன், முதல் சுற்றிலேயே பிடித்தது. ஏற்றத்திலும் பழைய பிக்கப் திரும்பியிருக்கிறது. தண்ணீர் பின்கதவு வடிகால் வழியாகத்தான் வந்திருக்கிறது, ஓட்டை முழுக்க மண்.

ஒரே ஒரு கேள்வி. இவ்வளவு காலம் குறைந்த வோல்டேஜில் ஓடிய பம்பை மாற்றிவிடுவது நல்லதா?

வயரிங்காரர்:

3.5 நிற்கிறது என்றால் இப்போது வேண்டாம். கேஜ் இன்னும் கையில் இருந்தால் இதையும் பார்த்துவிடுங்கள்: என்ஜினை அணைத்த பிறகு பிரஷர் மெல்ல இறங்கலாம், ஆனால் ஒரு நிமிடத்துக்குள் பூஜ்யத்துக்கு விழக் கூடாது. விழுந்தால் பெட்ரோல் திரும்பாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வோ ஏதாவது ஒரு இன்ஜெக்டரோ ஒழுகுகிறது. பெட்ரோல் ஃபில்டரை இதுவரை மாற்றவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். அடைத்த ஃபில்டரைத் தள்ளும் பம்ப் கூடுதல் கரண்ட் இழுக்கும். கேஜைக் கழற்றும்போது முதலில் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, என்ஜினைத் தானாக அணையும்வரை ஓடவிட்டு, இணைப்பைத் துணியால் மூடிப் பிடித்துத் திறவுங்கள்.